ரெண்டு முள்ளும் ஒரே பக்கம் சாஞ்சா: ஒரு பழைய கார் டேஷ்போர்டு மீட்டர்களும் கடிகாரமும், நிகழ்வு ஆய்வு

பின்னணி

கார் 1960-கள் கடைசில வந்த ஒரு ஐரோப்பிய சலூன். 12 வோல்ட், நெகட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட நெகட்டிவ் முனை வண்டி பாடியோட சேர்ந்திருக்கும், கரண்ட் திரும்பற வழி அந்த பாடி தான். இன்ஜின் நல்ல கண்டிஷன்ல இருக்கு, பாடி மட்டும் இப்ப இருக்கற ஓனர் வாங்கறதுக்கு முன்னாடியே யாரோ முழுசா பிரிச்சு பெயிண்ட் அடிச்சிருக்காங்க, டேஷ்போர்டு தகடு உள்பட. அந்த பெயிண்ட் விஷயத்த ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

டேஷ்போர்டுல நாலு வட்டம். ஸ்பீடோ மீட்டர், டெம்பரேச்சர், பெட்ரோல், கடிகாரம். நாலுல ஒண்ணுகூட உண்மை பேசல. ஓனர் என்னை விட வயசுல பெரியவர், அண்ணான்னு தான் கூப்பிடுவேன். நான் மீட்டர் ரிப்பேர தொழிலா பண்றவன் இல்ல, பழைய ரேடியோ கடிகாரம்னு நோண்டுற ஆளு, அது தெரிஞ்சு தான் வந்தார். "தம்பி, நாலையும் கழட்டி புதுசு மாதிரி பண்ணிக் குடு, நம்பர் எல்லாம் பளிச்னு தெரியணும்" அப்படின்னார். வேலை தப்பான இடத்துல ஆரம்பிச்சதுக்கு அந்த "பளிச்" ஒரு காரணம். கேட்டு தலையாட்டின என்னோட அவசரம் அதை விடப் பெரிய காரணம்.

ஓனர் சொன்ன குறைகள்

டெம்பரேச்சர்: வண்டி எடுத்து பத்து பதினைஞ்சு நிமிஷத்துல முள்ளு சிவப்புக்கு பக்கத்துல போய் நின்னுக்கும். இதுக்காக தெர்மோஸ்டாட் மாத்தியாச்சு, ரேடியேட்டர் கழட்டி உள்ள அடைப்பு எடுத்தாச்சு, வாட்டர் பம்ப் கூட மாத்தியாச்சு. முள்ளு இம்மியும் இறங்கல.

பெட்ரோல்: முள்ளு கால் டேங்க் காட்டிக்கிட்டு இருக்கும்போதே வண்டி ஒருநாள் நடுரோட்டுல நின்னுபோச்சு, பார்த்தா டேங்க் காலி. அன்னைலருந்து டிக்கில அஞ்சு லிட்டர் கேன் ஒண்ணு நிரந்தரமா இருக்கு.

ஸ்பீடோ: 40 வரைக்கும் முள்ளு ஊஞ்சல் ஆடும், அதுக்கு மேல போனா கீச்னு ஒரு சத்தம். கிலோமீட்டர் நம்பர் அவர் வாங்கின நாள்லருந்து அதே இடம்.

கடிகாரம்: ஓடி யாரும் பார்த்ததில்ல. "பழைய கார்ல கடிகாரம் ஓடாது தம்பி, அது சும்மா அழகுக்கு" அப்படின்னார். நிறைய பேரு இதையே சொல்றாங்க. அது தப்பு, ஏன்னு கீழ வருது.

முதல் நாள்: பார்த்ததும், செய்யக்கூடாத ஒண்ண செஞ்சதும்

முதல்ல இன்ஜின் நிஜமாவே சூடாகுதான்னு பார்த்தேன். இருபது நிமிஷம் ஓட விட்டு, தெர்மோஸ்டாட் ஹவுசிங் மேல இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர காட்டினா 84 டிகிரி. போட்டிருக்கறது 82 டிகிரி தெர்மோஸ்டாட், அந்த சூட்டுல தான் ரேடியேட்டருக்கு தண்ணிய திறந்து விடும். அதாவது இன்ஜின் தன் பாட்டுக்கு ஜம்முனு இருக்கு, முள்ளு தான் ஊரைக் கூட்டுது. சரி, அப்ப மீட்டர் தான் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். இங்க தான் சறுக்கினேன். பக்கத்துலயே பெட்ரோல் முள்ளும் அதிகமா காட்டுதுங்கறத தனி குறைன்னு நினைச்சேன், ரெண்டையும் சேர்த்து வச்சு யோசிக்கல.

மீட்டர் தட்ட மொத்தமா வெளிய எடுத்து, டெம்பரேச்சர் மீட்டரைத் திறந்தேன். இந்த வகைல கண்ணாடிய பிடிச்சிருக்கற வளையம் திருகி எடுக்கறது கிடையாது, விளிம்ப சுத்தி பின்னாடி மடக்கி அமுக்கியிருப்பாங்க. அந்த மடிப்ப சின்ன ஸ்க்ரூ டிரைவரால மில்லிமீட்டர் மில்லிமீட்டரா நிமித்தணும், ஒரே இடத்துல பலமா நெம்பினா வளையம் நெளிஞ்சு போயிடும், அப்புறம் என்ன தட்டினாலும் அந்த நெளிவு வெளிச்சத்துல தெரிஞ்சுக்கிட்டே இருக்கும். அது நல்லாவே வந்துச்சு, அந்த சந்தோஷத்துல தான் அடுத்தது நடந்தது.

டயல் மேல மங்கலா ஒரு படலம். பஞ்சுக் குச்சில ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு 80-ங்கற நம்பர் பக்கம் லேசா ஒரு இழுப்பு இழுத்தேன், ஒரே ஒரு இழுப்பு தான், குச்சிய எடுத்துப் பார்த்தா நுனில அழுக்கோட சேர்ந்து வெள்ளை மை. 8-ஓட மேல் வட்டத்துல பாதி போச்சு. அந்தக் காலத்து டயல் பலதும் கருப்பு மேட் பெயிண்ட் மேல மெல்லிசா அச்சடிச்ச வெள்ளை மை தான், அதுக்கு மேல பாதுகாப்புக்கு எதுவும் கிடையாது, ஸ்பிரிட் பட்டா நிக்காது. உள்ள மெக்கானிசத்தப் பார்த்தா ஒரு குறையும் இல்ல, முள்ளு சுதந்திரமா ஆடுது, சுருள் ஒயர் அறுபடல. ஆக, நல்லா இருந்த ஒரு மீட்டரைத் திறந்து, அதுல குறைன்னு ஒண்ண நானே உண்டாக்கினேன்.

ஓனருக்கு அன்னைக்கே போட்டோ அனுப்பிச்சு சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்ல. அப்புறம், "மத்த மூணையும் தொடைக்காத தம்பி" அப்படின்னு ஒரு வரி.

யோசனை திரும்பின இடம்

அன்னைக்கு ராத்திரி ஒயரிங் படத்த வச்சு உக்காந்தப்ப தான் உறைச்சது. டெம்பரேச்சரும் பெட்ரோலும் ரெண்டுமே அதிகமா காட்டுது, ரெண்டுக்கும் கரண்ட் வர்றது ஒரே இடத்துலருந்து, வோல்டேஜ் ஸ்டெபிலைசர்னு ஒரு தீப்பெட்டி சைஸ் டப்பா.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்றேன். இந்த மீட்டர்கள்ல முள்ளை நகர்த்துறது காந்தம் இல்ல, சூடு. ரெண்டு உலோகம் ஒட்டின ஒரு பட்டை, அதச் சுத்தி ஒயர், கரண்ட் போனா பட்டை சூடாகி வளையும், முள்ளு அதுக்கேத்த மாதிரி நகரும். அதனால தான் சாவி போட்டதும் முள்ளு பட்டுனு எழும்பாம அரை நிமிஷம் எடுத்து மெதுவா ஏறும். பேட்டரி 12 வோல்ட்ல இருக்கும், வண்டி ஓடும்போது 14 பக்கம் போகும், அப்படியே மீட்டருக்கு விட்டா முள்ளு அதுக்கேத்த மாதிரி ஆடும்ல, அதனால நடுவுல இந்த ஸ்டெபிலைசர் சராசரியா 10 வோல்ட் வர்ற மாதிரி கரண்ட விட்டு விட்டு அனுப்பும். அதுக்குள்ளயும் அதே கதை தான், ஒரு பட்டை, ஒரு சூடாக்குற ஒயர், ஒரு காண்டாக்ட் பாயிண்ட். சூடானா பாயிண்ட் திறக்கும், ஆறினா மூடும்.

முக்கியமான விஷயம், அந்த சூடாக்குற ஒயரோட ஒரு முனை டப்பாவோட உடம்பு வழியாத்தான் எர்த் ஆகுது. எர்த் இல்லன்னா உள்ள சூடே ஆகாது, பாயிண்ட் திறக்கவே திறக்காது, பேட்டரி வோல்டேஜ் முழுசும் ரெண்டு மீட்டருக்கும் நேரா போயிடும். ரெண்டு முள்ளும் சேர்ந்து ஏறும்.

ரெண்டாம் நாள்: ஒரு துண்டு ஒயர்

தட்ட திரும்ப மாட்டினேன், ஆனா ஸ்க்ரூ முறுக்கல. இன்ஜின ஓட விட்டு சூடு பண்ணேன், வழக்கம் போல முள்ளு சிவப்புக்கு பக்கத்துல வந்து நின்னுச்சு. அப்புறம் ரெண்டு பக்கமும் கிளிப் வச்ச ஒரு ஒயர எடுத்து ஒரு முனைய ஸ்டெபிலைசர் டப்பால, இன்னொரு முனைய கதவு கீல் பக்கத்துல வெறும் இரும்பு தெரியற ஒரு போல்ட்ல மாட்டினேன். முதல் சில நொடி ஒண்ணும் நடக்கல. அப்புறம் முள்ளு, யாரோ கை வச்சு மெதுவா கீழ இழுக்கற மாதிரி, இறங்க ஆரம்பிச்சது. அரை நிமிஷத்துல நடுவுல வந்து நின்னுடுச்சு. பெட்ரோல் முள்ளும் கூடவே இறங்கிச்சு. ஓனர் பக்கத்து சீட்ல உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தார், "அப்ப அந்த வாட்டர் பம்ப்?" அப்படின்னார். நான் ஒண்ணும் சொல்லல.

ஸ்டெபிலைசர மாட்டியிருந்த ஸ்க்ரூவக் கழட்டினா அடியில அழகா பெயிண்ட். டேஷ்போர்டு தகட்டுக்கு பெயிண்ட் அடிச்சவங்க எல்லா ஓட்டைக்கும் உள்ள வரைக்கும் அடிச்சிருக்காங்க, பின்பக்க தட்டும் வண்டி பாடியும் ஒண்ணையொண்ணு தொடற நாலு இடத்துலயும் பெயிண்ட். வேலை சுத்தம் தான், ஆனா எர்த் போச்சு. நாலு இடத்துலயும் சொரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு, அது போதாதுன்னு ஸ்டெபிலைசருக்கு தனியா ஒரு எர்த் ஒயரும் இழுத்துட்டேன்.

ஸ்டெபிலைசரையே தூக்கிப் போட்டு 7810 ஐசி (10 வோல்ட்ட நிலையா குடுக்கற ஒரு சிப்) வச்ச எலக்ட்ரானிக் ஒண்ணு போடலாமான்னு பேச்சு வந்துச்சு. வேணாம்னு முடிவு பண்ணோம். பழசு எர்த் கிடைச்சதும் ஒழுங்கா வேலை செய்யுது, முள்ளு வச்ச மல்டிமீட்டர்ல பன்னெண்டுக்கும் பூஜ்யத்துக்கும் தாவி தாவி போகுது, அது அப்படித்தான் போகணும். 7810-க்கு உள்ள வர்ற வோல்டேஜ் வெளிய போறத விட சுமார் 2 வோல்ட் கூட இருக்கணும், பேட்டரி இறங்கியிருக்கும்போது அது ரொம்ப இழுபறி. நல்ல பழச எடுத்துட்டு இழுபறியான புதுச வைக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

பின்னாடி ஒளிஞ்சிருந்த இன்னொரு குறை

அடுத்த நாள் டேங்க நிரப்பிட்டு ஓனர் போன் பண்ணார். ஃபுல் டேங்க், முள்ளு பாதிக்கு கொஞ்சம் மேல தான் நிக்குது. முன்னாடியாவது ஃபுல்லுனு காட்டுச்சு, இப்ப அதுவும் போச்சுன்னு வருத்தம்.

இது புது குறை இல்ல, பழசு தான் வெளிய வந்திருக்கு. இந்த வண்டில டேங்க்ல இருக்கற மிதவை யூனிட் காலியா இருந்தா 73 ஓம், நிறைஞ்சா 10 ஓம் காட்டற ரகம். ஓம் குறைய குறைய கரண்ட் கூடும், முள்ளு ஏறும். டேஷ்போர்டு பக்கம் வர்ற ஒயர்ல அளந்தா 22 ஓம். டேங்க் கிட்ட போய் யூனிட்டோட முனைக்கும் அதோட உடம்புக்கும் நடுவுல அளந்தா 10. அப்ப நடுவுல 12 ஓம் எங்கயோ உக்காந்திருக்கு. டேங்க்லருந்து பாடிக்கு வர்ற எர்த் ஒயரோட வளையம் பச்சை பூத்து, விரலால ஆட்டினாலே கழண்டு வந்துச்சு.

அதாவது ஒரு குறை முள்ளை மேல தூக்குச்சு, இன்னொண்ணு கீழ இழுத்துச்சு, ரெண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட நம்பற மாதிரி ஒரு பொய்ய சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. புது வளையம் வச்சு இடத்த சொரண்டி மாட்டினதும் முள்ளு ஃபுல்ல போய் நின்னுச்சு. மிதவை யூனிட் மாத்தலாமான்னு யாராச்சும் கேட்டா, முதல்ல அளந்து பாருங்க, எல்லா வண்டியும் ஒரே ரகம் இல்ல. 240-லருந்து 33 ஓம் போறதும் இருக்கு, 10-லருந்து 180-க்கு தலைகீழா ஏறுறதும் இருக்கு. மீட்டர் ஒரு ரகம், மிதவை இன்னொரு ரகம்னா ஜென்மத்துக்கும் ஒத்து வராது.

ஸ்பீடோ

இது நிஜமாவே திறக்க வேண்டியது. சக்கரத்தோட ஓட்டத்த ஸ்பீடோவுக்கு கொண்டு வர்ற கேபிள உருவினா கிரீஸ் காஞ்சு மெழுகு மாதிரி ஆயிருச்சு, ஃபயர்வால (இன்ஜினுக்கும் நாம உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கற தகடு) தாண்டற இடத்துல வளைவு ரொம்ப கூர்மை. முள்ளு ஊஞ்சல் ஆடினதுக்கு அதுதான் காரணம், கேபிள் ஒவ்வொரு சுத்துலயும் சிக்கி சிக்கி விடுது. அது போக, கீச் சத்தம் கேட்டு யாரோ ஒருத்தர் முன்னாடி மேல் முனைல எண்ணெய் விட்டிருக்காங்க, அது ஸ்பீடோ தலைக்குள்ள, அதாவது மீட்டருக்குள்ளயே, ஏறிடுச்சு.

ஸ்பீடோ தலைக்குள்ள நடக்கறது இவ்வளவு தான்: கேபிள் ஒரு காந்தத்த சுத்தும், காந்தம் தன்னச் சுத்தி இருக்கற அலுமினிய கிண்ணத்த தொடாமலே இழுக்கும், ஒரு மெல்லிய சுருள் ஸ்பிரிங் அத திரும்ப பின்னாடி இழுக்கும், ரெண்டும் சமமாகற இடத்துல முள்ளு நிக்கும். தொடாம இருக்கணும்ங்கறது தான் மொத்த விஷயமே. அந்த இடைவெளில பழைய எண்ணெய் புகுந்து பிசினா ஆனா கிண்ணம் காந்தத்தோட ஒட்டிக்கிட்டு ஓடும். லைட்டர் பெட்ரோல்ல கழுவி, உலர விட்டு, காந்தத்தோட தண்டுக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய், கிண்ணத்துப் பக்கமே போகல. டயல தூரிகையால தூசி தட்டினதோட சரி. புது கேபிளுக்கு கீழ மூணுல ரெண்டு பங்குக்கு மட்டும் லேசா கிரீஸ், மேல் பங்கு காஞ்சே இருக்கட்டும், அது தானா ஏறிக்கும்.

கிலோமீட்டர் நம்பர் நின்னதுக்கு காரணம் ஒரு குட்டி வெள்ளை உலோக கியர், தண்டோட பிடிப்பு விட்டு சும்மா சுத்திக்கிட்டு இருந்துச்சு. தண்ட அந்த இடத்துல லேசா சொரசொரப்பாக்கி திரும்ப அழுத்தி ஏத்தினேன். "தம்பி, அப்படியே எல்லாத்தையும் பூஜ்யம் ஆக்கிடேன்" அப்படின்னார் ஓனர். முடியாதுன்னுட்டேன். நின்ன இடத்துலருந்தே ஓடட்டும், எந்த நம்பர்ல நின்னுச்சு எந்த தேதில சரி பண்ணோம்னு சர்வீஸ் புக்ல எழுதிக் கொடுத்தேன். நாளைக்கு வாங்கறவனுக்கு அந்த ஒரு வரி போதும், இல்லாத கிலோமீட்டர நாம கண்டுபிடிக்க வேண்டாம்.

டயல் அடியில பொடி எழுத்துல டபிள்யூ = 1-ன்னு இருந்துச்சு. ஒரு மீட்டர் தூரத்துக்கு கேபிள் ஒரு சுத்துன்னு அர்த்தம். ஒரு கிலோமீட்டருக்கு 1000 சுத்து, அப்ப நிமிஷத்துக்கு 1000 சுத்து விட்டா முள்ளு 60 காட்டணும். டிரில்ல மாட்டி, எந்தப் பக்கம் சுத்தணும்னு பார்த்துக்கிட்டு, லேசர் டேக்கோமீட்டர்ல (சுத்து எண்ணற கருவி) ஆயிரம் வச்சேன், 63 காட்டுச்சு. காந்தத்த பலவீனமாக்கி சரி பண்ற வழி இருக்கு, செய்யல. ஸ்பீடோ குறைச்சு காட்டக்கூடாது, கொஞ்சம் கூட காட்டலாம்ங்கறது தான் பொதுவான விதி. ஐநா விதி எண் 39 படி பார்த்தா 60-ல 10 கிலோமீட்டர் வரைக்கும் கூட காட்ட இடம் இருக்கு, அந்த விதி இந்த வயசு வண்டிக்கு எழுதினது இல்லன்னாலும் அளவுகோலா வச்சுக்கலாம். ரோட்டுல ஜிபிஎஸ் வச்சுப் பார்த்தப்பவும் அதே மூணு தான் வித்தியாசம்.

கடிகாரம்

எனக்கு பிடிச்ச பகுதி இது. இந்தக் கடிகாரம் பேட்டரில நேரா ஓடறது இல்ல, தன்னத்தானே சாவி கொடுத்துக்கற ரகம். உள்ள ஒரு சின்ன ஸ்பிரிங், அது ஒரு சில நிமிஷம் தான் தாங்கும். தளர்ந்ததும் ரெண்டு பாயிண்ட் தொடும், காயில் ஒரு உதை உதைக்கும், டக்னு ஒரு சத்தம், ஸ்பிரிங் திரும்ப முறுகும், பாயிண்ட் பிரியும். அந்த உதைக்கு தெம்பான பேட்டரி வேணும். வண்டிய மாசக்கணக்கா நிறுத்தி வச்சா பேட்டரி இறங்கும், ஒருநாள் உதை பாதில நிக்கும், பாயிண்ட் பிரியாது, கரண்ட் நிக்காம காயில்ல ஓடி சூடாகும். அப்ப காயில் எரியாம இருக்க உள்ள ஒரு இடத்துல சீக்கிரம் உருகுற சோல்டர் வச்சு ஒரு ஸ்பிரிங் தகட்ட ஒட்டியிருப்பாங்க, அது உருகி விட்டுக்கும். கடிகாரம் செத்துப்போகும், காயில் பிழைக்கும். பழைய கார் கடிகாரம் ஓடாதுன்னு ஊரே சொல்றதுக்குப் பின்னாடி பல நேரம் இந்த ஒரு சொட்டு சோல்டர் தான்.

இங்கயும் அதேதான், தகடு விட்டுக்கிட்டு நிக்குது, காயில் நல்லா இருக்கு. ஆனா ஓனர் அதுக்குள்ள இன்னொரு கடிகாரம் வாங்கிட்டு வந்துட்டார், அத விட பழைய ஒரு வண்டியோடது. அதத் திறந்தா ரெண்டு சங்கதி. ஒண்ணு, யாரோ அந்தத் தகட்ட சாதாரண ஈய சோல்டர்ல ஒட்டியிருக்காங்க, அது 183 டிகிரி தாண்டினாத்தான் இளகவே ஆரம்பிக்கும், அதனால அது பிழைச்சு காயில் கருகிடுச்சு. ரெண்டு, முள்ளு மேல காவி நிறத்துல வெடிச்ச ஒரு பெயிண்ட். தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கதிர்வீச்சு அளக்கற கைகர் கவுண்டர் இருந்துச்சு, பக்கத்துல கொண்டு போனதும் சடசடன்னு. ரேடியம் பெயிண்ட். இருட்டுல மின்னலையே, செத்துப்போச்சுல்ல, சொரண்டிடலாமேன்னு ஓனர் கேட்டார். செத்தது கூட கலந்திருக்கற ஜிங்க் சல்ஃபைடு தான், ரேடியத்தோட பாதி ஆயுளே 1600 வருஷம், அந்தத் தூள் மூச்சுல போனா எலும்புல போய் உக்காந்துக்கும். உடனே மூடி, ஜிப் கவர் ரெண்டு போட்டு, மேல எழுதி ஒட்டி, மேஜைய ஈரத்துணியால தொடைச்சு அந்தத் துணியையும் கவருக்குள்ளயே போட்டேன். திறந்ததே தப்பு, முன்னாடியே கவுண்டர் வச்சுப் பார்த்திருக்கணும்.

ஒரிஜினல் கடிகாரத்துக்கு வந்தா, மெக்கானிசத்த கழுவி, பாயிண்ட மெல்லிய அரத்தால ரெண்டே இழுப்பு, ஒவ்வொரு அச்சுக் குழிக்கும் ஊசி நுனில தொட்டு கடிகார எண்ணெய். தகட்ட ஒட்ட பிஸ்மத் வெள்ளீய சோல்டர், 138 டிகிரில உருகறது, எடுத்துக்கிட்டேன். 70 டிகிரில உருகற கலவையும் கிடைக்கும், அதுல காட்மியம் இருக்கறதால தள்ளி வச்சேன். பேட்டரில இணைச்சதும் டக். முதல் நாள் நாலு நிமிஷம் பின்தங்குச்சு, வேகத்த கூட்டிக் குறைக்கற ரெகுலேட்டர மூணு தடவை நகர்த்தி, இப்ப ஒரு நாளைக்கு ஒன்றரை நிமிஷம் முன்னப்பின்ன.

இப்போதைய நிலை, மாத்திச் செய்ய வேண்டியது

நாலும் ஓடுது, ஏழு மாசம் ஆச்சு. வண்டி ஒரு வாரத்துக்கு மேல நிக்கும்னா ஓனர் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சத் திருப்பிடுறார், கடிகாரத்துக்காக. நேரம் திரும்ப வைக்கறதுல அவருக்கு சலிப்பே இல்ல.

திரும்ப இதே வேலை வந்தா நான் முதல் நாள் ஸ்க்ரூ டிரைவரே எடுக்க மாட்டேன், அந்த கிளிப் ஒயரத்தான் எடுப்பேன். ரெண்டு முள்ளு ஒரே பக்கம் சாஞ்சா ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்குன்னு பார்த்த பிறகு தான் மத்ததெல்லாம். டயல்ல எந்த திரவமும் தொட மாட்டேன், தொட்டே ஆகணும்னா முள்ளுக்கு அடியில மறையற இடத்துல ஒரு புள்ளி வச்சுப் பார்ப்பேன். 8-ஓட போன பாதிய ஒத்தை முடி தூரிகையால வெள்ளை பெயிண்ட் வச்சு வரைஞ்சேன், நேரா பார்த்தா தெரியாது, சாயங்கால வெயில் பக்கவாட்டுல விழுந்தா கொஞ்சம் தடிச்சுத் தெரியும். ஓனர் அதப் பத்தி பேசறதில்ல. பெட்ரோல் முள்ள ரெண்டு டேங்க் வரைக்கும் அளந்து பார்த்து சரியா இருக்குன்னு அவரே ஒத்துக்கிட்டார். டிக்கில அந்த அஞ்சு லிட்டர் கேன் இன்னும் இருக்கு.